உங்களுக்குத் தெரியுமா? நாடு விட்டு நாடு போகும் நோய்ச் சேதி

● 1851 ஜூலையில் 12 நாடுகள் பாரிஸில் கூடின. உலகின் முதல் சர்வதேசச் சுகாதார மாநாடு அதுதான். நாட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள்: ஒருவர் டாக்டர், மற்றவர் ராஜதந்திரி. ஆளுக்கொரு ஓட்டு. காலரா தொற்றுமா தொற்றாதா என்பதிலேயே டாக்டர்களுக்குள் சண்டை. கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்தால் வியாபாரம் படுத்துவிடுமே என்பது கடல்வணிக நாடுகளின் கவலை. ஆறு மாதம் பேசியும் அநேகமாக யாரையும் கட்டுப்படுத்தாத காகிதம்தான் மிஞ்சியது. உருப்படியான முதல் உடன்படிக்கை வெனிஸில் கையெழுத்தாக 1892 ஆகிவிட்டது. அதற்கும் அடுத்த வருஷம்தான், டிரெஸ்டன் நகரில், “எங்கள் ஊரில் காலரா வந்திருக்கிறது” என்று மற்ற அரசுகளுக்குச் சொல்வது கடமை என்று எழுதிக்கொண்டார்கள். வாயைத் திறந்து ஒரு வரி சொல்ல வைப்பதற்கு 42 வருஷம்!

● ரேடியோவில் பாட்டு மட்டுமல்ல, கீழைக் கடல்களில் காலராக் கணக்கும் கேட்டார்கள். ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் 1925-இல் சிங்கப்பூரில் ஓர் அலுவலகம் திறந்தது. சென்னை, கல்கத்தா, ரங்கூன், ஹாங்காங் என்று ஆசியத் துறைமுகங்களிலிருந்து வாராவாரம் அங்கே தந்தி போகும். அந்த வாரம் காலராவில் எத்தனை பேர், பிளேக்கில் எத்தனை பேர், பெரியம்மையில் எத்தனை பேர் என்பதுதான் சேதி. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. அதனால் சுருக்கமான சங்கேதச் சொற்களை வகுத்துக்கொண்டார்கள். வந்ததையெல்லாம் தொகுத்து ரேடியோ வழியே திரும்ப அனுப்பினார்கள். நடுக்கடலில் போகிற கப்பல்கூட, தான் போய்ச் சேர வேண்டிய ஊரில் என்ன நோய் ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1942-இல் ஜப்பானியப் படை சிங்கப்பூரைப் பிடித்ததோடு அலுவலகம் மூடப்பட்டது. அதே காலத்தில், 1926-இல், ஜெனீவாவில் தொடங்கிய வாராந்திர நோய்ப் பதிவேடு மட்டும் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. இப்போது அதை நடத்துவது உலக சுகாதார நிறுவனம்.

● ராமேசுவரம் போகும் வழியில் இருக்கும் மண்டபம் முகாமை இலங்கை அகதிகள் முகாமாகத்தான் நமக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் அது இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய நோய்த் தடுப்பு முகாம். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளை, காலராவோ பிளேக்கோ கூடவே வந்துவிடக் கூடாதென்று, சில நாள் அங்கே நிறுத்திப் பார்த்துத்தான் கடல் கடத்தினார்கள்.

● மனிதர்களுக்கு மட்டுமல்ல, மாடுகளுக்கும் ஒரு வழி பிறந்தது. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கி நின்றன. அவற்றிடமிருந்து கோமாரிக்கும் கொடிய மாட்டு வெக்கை நோய் ஐரோப்பாவில் பரவியது. பதறிப்போய் 28 நாடுகள் 1924 ஜனவரியில் பாரிஸில் ஓர் அமைப்பை ஏற்படுத்தின. கால்நடை நோய்ச் சேதியைப் பரிமாறிக்கொள்வதுதான் அதன் வேலை. உலக சுகாதார நிறுவனத்துக்கு அது 24 வயது மூத்தது. 2011-இல் அந்த வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

● ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நெடுநாள் துணைவேந்தர். உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கு அதன் தொடக்க ஆண்டுகளிலேயே தலைமை வகித்தவர். 1961-இல் டெல்லியில் நடந்த உலக சுகாதாரப் பேரவைக்கும் அவர்தான் தலைவர்.

● 2002 கடைசியில் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் சார்ஸ் தலைகாட்டியது. 305 பேருக்கு நோய், 5 பேர் மரணம் என்று சீனா உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொன்னது 2003 பிப்ரவரி 11 அன்று. அதற்கு ஒரு நாள் முன்னாலேயே, தொற்றுநோய் வல்லுநர்களின் புரோமெட் என்ற மின்னஞ்சல் குழுவில், குவாங்சூ நகரில் என்ன நடக்கிறது, யாருக்காவது தெரியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று திட்டுவது எளிது. ஆனால் சட்டப்படி பார்த்தால் வேடிக்கை: அன்றிருந்த சர்வதேச விதிகளில் அறிவிக்கக் கட்டாயமான நோய்கள் மூன்றே மூன்று. காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல். பெயர் வைக்காத புது நோயைப் பற்றி வாய் திறக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2005-இல் விதிகளைத் திருத்தி எழுதி, 2007 ஜூனில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது உலகின் அநேகமாக எல்லா நாடுகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. எந்த நோயானாலும், பிற நாட்டுக்குப் பரவக்கூடியது என்று கணித்த 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். அரசு சொல்லாவிட்டாலும் பத்திரிகைச் செய்தியையோ ஊர்ப்பேச்சையோ வைத்து உலக சுகாதார நிறுவனம் அந்த அரசிடம் விளக்கம் கேட்கலாம். சொல்லாமல் விட்டால் என்ன தண்டனை? ஒன்றும் கிடையாது.

● சொன்னவருக்குத்தான் தண்டனை. 2012-இல் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் அலி முகமது ஸக்கி என்ற எகிப்திய நுண்ணுயிரியலாளர், நுரையீரல் பாதித்து இறந்த நோயாளி ஒருவரிடம் இனம் தெரியாத வைரஸைக் கண்டார். நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினார். புதிய கொரோனா வைரஸ் என்று உறுதியானதும் அதே புரோமெட்டில் உலகுக்குச் சொன்னார். அதுதான் பின்னாளில் மெர்ஸ் என்று பெயர் பெற்றது. தங்களைக் கேட்காமல் மாதிரி வெளியே போனதே என்று சவூதி அரசுக்குக் கோபம். டாக்டருக்கு வேலை போயிற்று, எகிப்துக்கே திரும்பினார்.

● ஒரு டாக்டருக்கு வேலை போகும். ஒரு நாட்டுக்கு?

1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்ற சேதி பரவியதும் பல நாடுகள் இந்திய விமானங்களை நிறுத்தின, இந்தியச் சரக்கை மறுத்தன. இறந்தவர்கள் 60 பேருக்கும் குறைவு. ஏற்றுமதியிலும் சுற்றுலாவிலும் ஏற்பட்ட நஷ்டமோ பெரிது. 1991-இல் காலராவை ஒளிக்காமல் அறிவித்த பெரு நாட்டின் மீன் ஏற்றுமதிக்கும் இதே கதி. 2005-இன் புது விதிகளிலும், நியாயமான காரணமின்றிப் பயணத்தையும் வாணிகத்தையும் முடக்கக் கூடாது என்று சேர்த்தார்கள்.

சேர்த்து என்ன பயன்? 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா கொரோனாவின் புதிய உருமாற்றத்தைக் கண்டுபிடித்து உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவித்தது. போட்ஸ்வானா விஞ்ஞானிகளும் அதைக் கண்டிருந்தார்கள். 26-ஆம் தேதி அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் வைத்தார்கள். அதே நாட்களில் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா எல்லாம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருவோருக்குக் கதவைச் சாத்தின. அந்த வைரஸ் அதற்குள் ஐரோப்பாவிலேயே உலவிக்கொண்டிருந்தது பிறகு தெரியவந்தது. திருடன் வந்திருக்கிறான் என்று கூவியவனைக் கட்டிவைத்து அடித்த கதைதான் இது. அடுத்த முறை கூவுவானா என்று அந்த அரசுகளில் யாராவது யோசித்தார்களா தெரியவில்லை.

● நோய்க்கு ஊர்ப் பெயர் வைக்காதீர்கள் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது. ஆள் பெயரும், மிருகத்தின் பெயரும் வேண்டாம். கொரோனா உருமாற்றங்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கிரேக்க எழுத்துகள். “இந்திய வைரஸ்” என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தது டெல்டா ஆனது அப்படித்தான். ஒமைக்ரானுக்கு முன்னால் இரண்டு எழுத்துகளைத் தாண்டிப் போனார்கள். ஒன்று ‘நியூ’, ஆங்கிலத்தில் ‘புதிய’ என்று கேட்கும். இன்னொன்று ‘ஸை’, அதை ஆங்கிலத்தில் எழுதினால் சீன அதிபரின் குடும்பப் பெயர்.

● நெல்லைக் கொடுத்தவன் அரிசிக்குக் கையேந்தலாமா? கேட்டது இந்தோனேசியா.

ஃபுளூ எனும் சளிக் காய்ச்சல் வைரஸைக் கண்காணிக்க 1952 முதல் ஓர் உலக வலை இயங்குகிறது. இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் நோயாளிகளின் மாதிரிகளை அதற்குள் அனுப்புகின்றன. வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், வல்லுநர்கள் கூடி அடுத்த பருவத்துத் தடுப்பூசியில் எந்த வைரஸைச் சேர்ப்பது என்று சொல்வார்கள். அரைநூற்றாண்டு சத்தமில்லாமல் ஓடிய ஏற்பாடு. மாதிரியைக் கொடுத்தவர் விலை கேட்டதில்லை.

பறவைக் காய்ச்சல் வந்தது. அதில் அதிகம் பேரைப் பறிகொடுத்த நாடுகளில் இந்தோனேசியாவும் ஒன்று. தன் நாட்டு நோயாளியின் வைரஸை வைத்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி தயாரிக்கிறது என்று சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரிக்குத் தெரியவந்தது. அதைத் தன் மக்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதுவும் பணக்கார நாடுகள் முன்பதிவு செய்தது போக மிச்சம் இருந்தால். 2007 தொடக்கத்தில் அவர் மாதிரி அனுப்புவதை நிறுத்திவிட்டார். வைரஸுக்கும் இறையாண்மை உண்டு என்றார். உலகத்தையே பணயம் வைக்கிறார் என்று மேற்கில் கொதித்தார்கள். அவர் செய்தது ஆபத்தான காரியம்தான். ஆனால் கேட்ட கேள்வி நியாயமானது. அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நான்கு வருஷப் பேரத்துக்குப் பிறகு 2011-இல் ஓர் ஏற்பாடு பிறந்தது. வைரஸ் மாதிரியைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 2.8 கோடி டாலர் கட்ட வேண்டும். பெருந்தொற்று வந்தால் தடுப்பூசியிலும் மருந்திலும் ஒரு பங்கை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க ஒப்பந்தம் போட வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை: இது பெருந்தொற்றாகக்கூடிய ஃபுளூ வைரஸ்களுக்கு மட்டும். 2020-இல் வந்தது ஃபுளூ அல்ல.

● கொரோனாவின் மரபணு வரிசையைச் சீன அரசு முதலில் வெளியிடவில்லை. ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜாங் யோங்ஜென் 2020 ஜனவரி 5-லேயே அதைப் படித்து முடித்திருந்தார். வெளியிட அனுமதி இல்லை. 11-ஆம் தேதி காலை அவர் பெய்ஜிங் போக விமானத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து சக விஞ்ஞானி எட்வர்ட் ஹோம்ஸ் போன் செய்து, வெளியிட்டுவிடலாமா என்று கேட்டார். சரி என்றார் ஜாங். சற்று நேரத்தில் அது எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏறியது. மறுநாள் ஜாங்கின் ஆய்வகத்தை, சீர்படுத்துவதற்கென்று சொல்லி மூடினார்கள். அதற்கடுத்த நாள் பெர்லினில் தயாரான பரிசோதனை முறையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. 65-ஆம் நாள், மார்ச் 16 அன்று, அமெரிக்காவில் முதல் மனிதருக்குச் சோதனைத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. 2024-இல் ஆய்வகத்தைக் காலி செய்யச் சொன்னதால் ஜாங் அதன் வாசலிலேயே படுத்துப் போராடினார்.

● மரபணு வரிசைகளைப் போட்டு வைக்க இரண்டு விதக் கிடங்குகள் உண்டு. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிடங்கு ஊர்க் கிணறு மாதிரி. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். 2008-இல் தொடங்கிய ஜிசெய்ட் வேறு மாதிரி. பெயர் பதிந்துதான் உள்ளே போகலாம். கட்டுரை எழுதினால் தரவைத் தந்தவர் பெயரைப் போட்டாக வேண்டும். தாங்கள் உழைத்துச் சேர்த்ததை வசதியான ஆய்வகம் எடுத்துப் பெயர் வாங்கிப் போவதைப் பார்த்துச் சலித்த ஏழை நாட்டு விஞ்ஞானிகள் இரண்டாவதைத்தான் நம்பினார்கள். கொரோனாக் காலத்தில் அதில் கோடிக்கு மேல் வரிசைகள் சேர்ந்தன. அதன் நிர்வாகம் வெளிப்படையாக இல்லை என்று 2023-இல் எழுந்த புகார்களும் சின்னவை அல்ல.

● 2014 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் எபோலா பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. சியரா லியோனின் கெனேமா மருத்துவமனையைச் சுற்றி 78 நோயாளிகளிடமிருந்து எடுத்த 99 மரபணு வரிசைகள். கட்டுரை அச்சாகும்வரை காத்திராமல், கிடைக்கக் கிடைக்க எல்லோரும் பார்க்கும்படி அவற்றை வெளியிட்டிருந்தார்கள். கட்டுரை வந்தபோது, அதை எழுதியவர்களில் ஐந்து பேர் எபோலாவுக்கே பலியாகியிருந்தார்கள். டாக்டர் ஷேக் ஹுமார் கான் அவர்களில் ஒருவர்.

● பெயரை அடித்துவிட்டால் ஆளைத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. ரகசியம் பத்திரமாக இருக்கும் என்றார் ஆளுநர் வில்லியம் வெல்ட். லதான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி 20 டாலருக்கு வாக்காளர் பட்டியல் வாங்கினார். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்தார். ஆளுநரின் மருத்துவப் பதிவே அகப்பட்டது! அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை இந்த மூன்றை மட்டும் வைத்துப் பிடித்துவிடலாம் என்று பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார். இன்று ஒரு நாட்டின் நோயாளித் தரவு இன்னொரு நாட்டு ஆய்வாளரிடம் போக மாதக்கணக்கில் கையெழுத்து வாங்குகிறார்களே, பாதி இந்தப் பயத்தால்தான்.

● செத்தவர்களை எண்ணுவதிலும் தகராறு வரும். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் உலகில் வழக்கத்தைவிட 1.49 கோடி பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று 2022 மே 5-இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் இந்தியாவின் பங்கு 47 லட்சம். அரசுக் கணக்கில் கொரோனா மரணம் 5 லட்சத்துக்கும் குறைவு. கணித மாதிரியை வைத்து எங்களை எண்ணாதீர்கள், எங்களிடம் பிறப்பு இறப்புப் பதிவு இருக்கிறது என்றது இந்தியா. நியாயமான வாதம்தான், முழுப் பதிவும் கைவசம் இருந்திருந்தால். 2021-ஆம் ஆண்டுக்கான அந்தப் பதிவு வெளியானது 2025 மே மாதத்தில். பதிவான மரணங்கள் சுமார் 1 கோடியே 2 லட்சம். முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 21 லட்சம் அதிகம்.

● 2020 ஜனவரி கடைசியில், கொரோனா பரவிய நாடுகளிலிருந்து வரும் பயணிகளைக் கண்காணிக்க இலங்கை ஒரு கணினி ஏற்பாடு செய்தது. புதிதாக எதையும் வாங்கவில்லை. நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் சுகாதாரத் தகவல் மென்பொருளை எடுத்து, உள்ளூர்க்காரர்கள் சில நாட்களில் மாற்றி அமைத்தார்கள். ஆஸ்லோ அதையே மாதிரியாக வைத்து மற்ற நாடுகளுக்கும் கொடுத்தது. கடைசியில் நார்வேயின் நகராட்சிகளே அந்த வழியில் தொற்றுத் தொடர்புகளைத் தேடின.

● 2022-இல் லண்டன் சாக்கடையில் போலியோ வைரஸ் தென்பட்டது. ஜெருசலேமிலும் தென்பட்டது. நியூயார்க் அருகே ஓர் இளைஞருக்குக் கால்கள் விளங்காமல் போயின. மூன்று ஊர் வைரஸையும் ஒப்பிட்டார்கள், ஒன்றுக்கொன்று உறவு. மூன்று நாட்டு ஆய்வகங்களும் பேசிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அவை மூன்று தனித்தனிச் சேதிகளாகவே இருந்திருக்கும்.

● இந்தோனேசியா கேட்ட கேள்விக்கு எல்லா நோய்க்கும் பொருந்தும் பதிலை எழுத 2025 மே 20-இல் பெருந்தொற்று உடன்படிக்கை நிறைவேறியது. முந்தின நாள் குழு வாக்கெடுப்பில் ஆதரவு 124, எதிர்ப்பு பூஜ்யம், நடுநிலை 11. விலகுவதாக அறிவித்துவிட்ட அமெரிக்கா அந்தப் பக்கமே வரவில்லை. பெருந்தொற்றின்போது, இதில் சேரும் நிறுவனங்கள் உற்பத்தியில் 20 சதவீதம்வரை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும். அதில் பாதியாவது இலவசம். எந்த மாதிரியை யார் யாருக்கு எப்படிக் கொடுப்பது என்ற முக்கியமான பகுதியைத் தனி இணைப்பாகப் பிறகு எழுதுவது என்று தள்ளிவைத்தார்கள். அது நிறைவேறினால்தான் கையெழுத்துக்குத் திறப்பது என்பது அன்றைய முடிவு. 60 நாடுகள் உறுதி செய்தால்தான் அமலுக்கு வரும். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, சீர்வரிசைதான் பேசவில்லை என்பது போல.

● கணக்கைப் பகிர வேண்டுமென்றால் முதலில் நோய்க்கு ஒரே பெயர் வேண்டும். நம்மூரில் ‘விஷக் காய்ச்சல்’ என்று சொல்வதை நைரோபியில் எப்படி எண்ணுவது? அதற்கு வழி செய்தவர் ழாக் பெர்த்தியோன். அந்த முதல் சுகாதார மாநாடு பாரிஸில் நடந்துகொண்டிருந்த 1851 நவம்பரில், அதே ஊரில் பிறந்தவர். தம்பி அல்ஃபோன்ஸ், குற்றவாளிகளை உடல் அளவால் அடையாளம் காணும் முறையைப் போலீசுக்குச் செய்து கொடுத்தவர். அண்ணன் மரணங்களை வகைப்படுத்தினார். 1893-இல் சிகாகோவில் அவர் முன்வைத்த பட்டியல்தான் வளர்ந்து வளர்ந்து இன்று உலகம் முழுவதும் பயன்படும் நோய் வகைப்பாடு ஆகியிருக்கிறது. அதன் பதினோராவது பதிப்பில் 2024 ஜனவரியில் நம் சித்த மருத்துவத்தின் நோய்ப் பெயர்களும், ஆயுர்வேத, யுனானிப் பெயர்களோடு இடம் பிடித்தன.

வீட்டு பீரோவில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் அடைத்த பை ஒன்று இருக்குமே, அதை எடுத்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலோ இன்சூரன்ஸ் படிவத்திலோ ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கலாம். ஈ11 என்றிருந்தால் சர்க்கரை நோயின் இரண்டாம் வகை. ஐ10 என்றால் ரத்தக் கொதிப்பு. இவை அந்த நோய் வகைப்பாட்டின் பத்தாவது பதிப்பு எண்கள். அதன் முதல் எண் ஏ00, அது காலரா. 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பின் முதல் எண் 1ஏ00. அதுவும் காலராதான்.